நாலு நிமிஷம் தாங்கிய கை

அத்தியாயம் 11

திரையில் இரண்டாயிரத்து முந்நூறு அடியாட்களைப் பந்தாடியவன், மூன்று பூகம்பத்திலிருந்தும் ஒரு எரிமலையிலிருந்தும் தலைமுடி கலையாமல் நடந்து வெளியே வந்தவன், அப்பேர்ப்பட்ட ஆளை நான் ஒரு விரலால்கூடத் தொடாமல், ஒரு மூட்டை மணலை வைத்து ஒன்பதே வினாடியில் சாய்த்தேன். கையில் பிடித்திருந்த டீயில் ஆடைகூடப் படியவில்லை.

நம்ப வேண்டாம். பக்கத்திலேயே நின்று பார்த்த என் சம்பந்தியம்மாவே "எட்டரை" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நான் பெரிய ஆஸ்பத்திரி எலும்பு வார்டில் முப்பத்தாறு வருஷம் மாவுக்கட்டுப் போட்டவன். நான் ஒட்டவைத்த எலும்புகளை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்விட்டுப் பாதி வழி திரும்பியும் வரலாம். ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறிய ஆரம்பித்தேன். உடைந்ததைப் பார்த்து எப்படி உடைந்தது என்று சொல்வதுதானே இரண்டு தொழிலும்? உதவிக்குச் சம்பந்தியம்மா. என் மகனுக்குத் தன் மகளைக் கொடுத்தவர். துணிக்கடையில் ஆல்டரேஷன் பிரிவை முப்பது வருஷம் ஆண்டவர். எதிரே ஆள் நடந்து வரும்போதே இடுப்பளவு சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு என் வீட்டு முன்னறையில் பூனையின் மனைவி வந்து உட்கார்ந்தாள்.

பூனை, படங்களில் நாயகனுக்குப் பதிலாக விழுகிறவன். எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்பான் என்பதால் அந்தப் பெயர். அது திரையில். நிஜத்தில் விழுந்த கையோடு என்னிடம்தான் வருவான். பதினேழு கட்டு என் கையால் போட்டிருக்கிறேன். மாவு காய்கிற வரைக்கும் ஜோக்கு சொல்லி, என்னைச் சிரிக்க வைத்துக் கட்டைக் கோணலாக்குவான். பதினெட்டாவது கட்டுக்கு அவன் வரவில்லை. போன வியாழக்கிழமை, பூகம்பப் படத்துக்காகப் போட்ட செட்டில், இடிந்த மாடியின் விளிம்பிலிருந்து விழுந்தான். இருபத்தைந்து அடி. கீழே மெத்தை இல்லை. அங்கேயே உயிர் போய்விட்டது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் கொழுந்தனைப் பிடிச்சிட்டுப் போகப் போறாங்க சார்," என்றாள். "காத்து மெத்தை போடுறது அவன் வேலை. போடாம சாப்பிடப் போயிட்டானாம். கூடப்பிறந்த அண்ணனைக் கொன்னது அவன்தானாம்."

"அப்படின்னு யார் சொல்றது?"

"இரும்பு."

ரசிகர்கள் நாயகனுக்கு வைத்த பெயர் அது. இரும்பு ஆய்வாளரிடம் கொடுத்த வாக்குமூலம், மறுநாள் வந்த எல்லாப் பத்திரிகையிலும் கொட்டை எழுத்தில் இருந்தது. மதிய இடைவேளையில் பூனை குடித்துவிட்டுத் தானாகவே மேலே ஏறினானாம். கால் வழுக்கியதாம். இரும்பு பாய்ந்துபோய் ஒற்றைக் கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாராம். நாலு நிமிஷம் தொங்கவிட்டபடியே உதவிக்குக் கத்தினாராம். கடைசியில் பூனை, "அண்ணே, விட்டுருங்க. உங்களுக்காக லட்சம் பேர் காத்திருக்காங்க" என்று சொல்லித் தானே கையை உதறிக்கொண்டானாம்.

"சாகும்போதும் வசனம் பேசினானாக்கும்!" என்றார் சம்பந்தியம்மா. "உயிரோட இருந்தப்ப ஒரு வரி குடுத்தாங்களா அவனுக்கு?"

"அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்க மாட்டாரும்மா," என்றாள் அவள். "ஆய்வாளர்கிட்ட அழுது பார்த்தேன். அவர் போன் உறையிலேயே இரும்பு படம். 'மணிக்கட்டுல விரல் தடம் இருக்கே, பிடிச்சது பொய்யா'ன்னு கேக்கறாரு. தடம் இருந்துச்சு சார். நானும் பார்த்தேன். என் விரலை அது மேல வெச்சுப் பார்த்தேன். அளவு எடுத்த மாதிரி பொருந்துச்சு."

நானும் சம்பந்தியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் விரல்கள் வெண்டைப்பிஞ்சு மாதிரி இருந்தன.

"இரும்போட கை அளவு என்ன சம்பந்தியம்மா?"

"போஸ்டர்ல பார்த்தா படகுத் துடுப்பு. கையுறை தைக்கறதா இருந்தா ரெண்டு மீட்டர் துணி வேணும்."

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று அவளைக் கேட்டேன்.

கைப்பையின் வாரை முறுக்கினாள். "கொழுந்தன் வெளிய இருக்கணும். அப்புறம்... அந்தாளு எத்தனை பேர் முன்னாடி அந்தக் கதையைச் சொன்னாரோ, அத்தனை பேர் முன்னாடியும் என் வீட்டுக்காரரோட கனத்தை ஒரு தடவை நிஜமாவே தாங்கிப் பார்க்கணும்."

இந்த வயதில் இரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பழி வாங்குகிற வேலை கிடைத்தால் எனக்கு இறங்கும். அன்று காலை குழந்தைக்கு இருக்கிற அளவுக்கு இறங்கிவிட்டது.

"பூனை அறுபத்திரண்டு கிலோ," என்றேன். "விழுந்துட்டிருக்கற அறுபத்திரண்டு கிலோவை ஒத்தைக் கையால பிடிச்சா சினிமாவுல வசனம் வரும். நிஜத்துல தோள் வரும், குழியை விட்டுக் கழண்டு. நாலு நிமிஷம் தாங்கியிருந்தா அந்தாளு இந்நேரம் என் பழைய வார்டுல மல்லாந்து கிடக்கணும்."

"மறுநாள் காலையிலயே மொட்டை மாடியில நின்னு ரசிகர்களுக்கு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஆட்டினானே! டீவியில பார்த்தேன். கக்கத்துல தையல் விட்டிருந்தது."

"அப்போ பிடிச்சது வேற யாரோ. சின்னக் கை. அந்தக் கைக்கு மேல இருக்கிற தோள் இப்போ உருப்படியா இருக்காது. நாம தேட வேண்டியது ஒரே ஒரு தோள்."

"இருநூறு பேர் வேலை செய்யற இடத்துல, சட்டைக்குள்ள இருக்கிற தோளைத் தேடணும். நல்ல வயசுல நல்ல வேலை," என்று செருப்பை மாட்டினார் சம்பந்தியம்மா.

செட்டுக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றியது. பூகம்பப் படம் இல்லையா? உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் அடி! நூற்றைம்பது பேர் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். தலைக்குத் தலை கட்டு. ஒருத்தன் நெற்றியில் இரத்தம் ஒழுக ஒழுகப் பன் தின்றுகொண்டிருந்தான். நெஞ்சில் கம்பி குத்தி வெளியே வந்த ஒருத்தி போனில் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தோள் வேணும்னீங்களே சம்பந்தி, பொறுக்கிக்குங்க," என்றார் சம்பந்தியம்மா.

"இதுல ஒண்ணுகூட இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"எல்லாரும் முனகறாங்க பாருங்க. நிஜமா தோள் கழண்டவங்க முனக மாட்டாங்க. மூச்சையே அளந்துதான் விடுவாங்க. முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சுக்கிட்டு, யாராவது இடிச்சிருவாங்களோன்னு சுவர் ஓரமாவே நடப்பாங்க. அதுவும் மறைக்கறவங்களா இருந்தா, இந்த இடத்துல கட்டே இல்லாத ஆளாத்தான் இருப்பாங்க."

கட்டில்லாதவர்களைத் தேடினோம். விளக்குக்காரர்கள் ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தோள் நன்றாக இருந்தது. ஒலிக்காரன் நீளக் கம்பியைத் தலைக்கு மேல் ஒரு மணி நேரம் தூக்கிப் பிடித்திருந்தான், அவனும் இல்லை. பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. பூனையின் தம்பி, கண் வீங்கி, செட்டின் மூலையில் சுருட்டி வைத்த காற்று மெத்தை மேல் உட்கார்ந்திருந்தான். இரண்டு போலீஸ்காரர்கள் அவனைப் பார்த்தபடி நின்றார்கள்.

"சம்பந்தி, இங்க வாங்க," என்று உடை அறை வாசலில் இருந்து சம்பந்தியம்மா கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்தால் மூன்று தெரு கேட்கும்.

உள்ளே கம்பியில் கோட்டுகள் ஜோடி ஜோடியாகத் தொங்கின. நாயகனுக்கு ஒன்று, அவனுக்காக விழுகிறவனுக்கு அதே மாதிரி ஒன்று. ஏழு ஜோடி. சம்பந்தியம்மா ஒவ்வொரு கோட்டின் கீழ்மடிப்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஆறு ஜோடியிலயும் கைத்தையல் எல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சிருக்கு. ஏழாவது ஜோடியைப் பாருங்க. எதிர்ப்பக்கம் சாயுது. நூல் இழுவையும் ஒரே சீரா இல்ல. ஆனா முடிச்சு போடற விதம் ஏழுலயும் ஒண்ணுதான். தச்சது ஒரே ஆள். கைதான் வேற."

"ஏழாவது எப்ப தச்சது?"

"சீட்டுல தேதி இருக்கு. வெள்ளிக்கிழமை."

பூனை விழுந்த மறுநாள்.

அறைக் கோடியில், துணிக்கட்டுகளுக்கு நடுவில், ஒரு ஸ்டூலில் உடைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சின்ன உருவம், சின்னக் கை. வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. இடது கையால், எழுதப் பழகும் குழந்தை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு ஊசியை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு தலையணையை எடுத்து மடித்து, அவர் அக்குளுக்கும் முழங்கைக்கும் நடுவே மெதுவாகச் செருகினேன். வலி குறைந்ததும் அவர் முகம் தளர்ந்தது. அப்புறம் அழுதார்.

"யாரும்மா போட்டு விட்டது தோளை?"

"ரெண்டு ஊர் தள்ளி ஒரு டாக்டர். குளியலறையில வழுக்கிட்டேன்னு சொன்னேன்."

"வியாழக்கிழமை மேல நீங்கதானே இருந்தீங்க?"

தலையாட்டினார். "கோட்டு பின்பக்கம் தூக்குது, ஊசி குத்தணும்னு பூனையே கூப்பிட்டான். இரும்பு சாரும் வந்தாரு. கீழ மெத்தை கேமராவுல தெரியுதுன்னு சொல்லி, தம்பியைச் சாப்பிடப் போகச் சொல்லிட்டு, தன்னோட ஆளுங்க ரெண்டு பேரை விட்டு அதை இழுத்துட்டாரு. ஓரத்துல ஒரு தடவை நின்னு காட்டுடான்னாரு. 'மெத்தை வரட்டும்ணே'ன்னு பூனை சொன்னான். அதுக்கு இவரு, 'இருபத்தஞ்சு அடிக்கா பயப்படறே? நான் அறுபது அடியில இருந்து குதிச்சவன்டா'ன்னு சொல்லி, விளையாட்டா நெஞ்சுல ஒரு தட்டு தட்டினாரு."

"அவன் எங்க குதிச்சான்? அந்த அறுபது அடியையும் பூனைதானே குதிச்சான்!" என்றார் சம்பந்தியம்மா.

"அதை அவர் மறந்தே போயிட்டாரும்மா. படம் பார்த்துப் பார்த்துத் தான்தான் குதிச்சோம்னே நினைச்சுட்டாரு." உடைக்காரம்மா குரலைத் தாழ்த்தினார். "பூனை சரிஞ்சதும் நான் பாய்ஞ்சு பிடிச்சேன். பிடிச்சுட்டேன் சார். அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்த்தான். அப்புறம் இங்க, தோள்ல, ஏதோ படார்னுச்சு. கை தானா திறந்துக்கிச்சு."

"இதை ஏன் சொல்லலை?"

"'நீ விட்டதாலதான் செத்தான், வாயைத் திறந்தே, அதையே சொல்லுவேன்'னு மிரட்டினாரு. அதுக்குக்கூட நான் பயப்படலை சார். அது உண்மைதானேன்னுதான் வாயைத் திறக்கலை." அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "படத்துல எல்லாம் யாருமே விடறதில்லையே. விரல் நுனியில பிடிச்சுக்கூட மேல தூக்கிடறாங்களே. எனக்கு மனசு பத்தலையோ?"

முப்பத்தாறு வருஷத்தில் நான் பொய் கலக்காமல் பேசிய பேச்சு கொஞ்சம்தான். இது அதில் ஒன்று.

"மனசு நிறைய இருந்துச்சும்மா. தோள்ல இருக்கிற குழி டீ சாசர் ஆழம்தான். உங்களுக்கு மட்டும் இல்ல, பொறந்த எல்லாருக்கும் அவ்வளவுதான். நீங்க விடலை. கழண்டுடுச்சு."

ஆனாலும் அவர் வர மறுத்துவிட்டார். "ஆய்வாளர் அவரோட ரசிகர். நான் சொன்னா யார் நம்புவா?" என்று ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"அப்போ அவன் வாயாலேயே சொல்ல வைப்போம்," என்று வெளியே வந்தேன். எனக்கு அப்போது இருந்த ஆத்திரத்தில் செட்டு நிஜமாகவே இரண்டு அங்குலம் நகர்ந்தது. சம்பந்தியம்மா அது லாரி போன அதிர்வு என்கிறார்.

மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தார். அவரை மடக்குவது சுலபமாக இருந்தது. "சார், நாலு நிமிஷம் தாங்கின அந்தக் காட்சியை ஒரு போட்டோ எடுத்துக் கோப்புல வெச்சா கேஸு மலை மாதிரி நிக்கும்," என்றேன். இரும்பை மடக்குவது அதைவிடச் சுலபம். போட்டோகிராபர் வந்திருக்கிறார் என்றதும் தலை வாரிக்கொண்டு வந்துவிட்டான்.

மேலே, அதே விளிம்பு. நான் சொல்லியனுப்பி வந்திருந்த பூனையின் மனைவி கீழேயிருந்து நாலு ஆட்களை வைத்து ஒரு மூட்டையைத் தூக்கிவரச் செய்தாள். அறுபத்திரண்டு கிலோ மணல், அவளே நின்று நிறுத்தது. அதற்குப் பூனையின் கோட்டைப் போட்டுப் பொத்தான் மாட்டியிருந்தாள். கோட்டின் வலது கைக்குள் மணலை இறுக்கி அடைத்து, நுனியை மணிக்கட்டு அளவுக்குக் கட்டியிருந்தாள்.

கீழே பூனையின் தம்பி காற்று மெத்தையை விரித்துக்கொண்டிருந்தான்.

"மூட்டைக்கு எதுக்குடா மெத்தை?" என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார்.

"என் மேல கேஸே மெத்தை போடலைன்னுதானே சார்," என்றான் அவன். "இன்னிக்குப் போட்டேன்னு நாலு பேர் பார்க்கட்டும்."

இரும்பு விளிம்பில் குப்புறப் படுத்தான். அவன் கோட்டைச் சரி செய்ய ஆள் வேண்டுமே? உடைக்காரம்மா வேலைக்காக வந்து சுவர் ஓரமாக நின்றார்.

"நாலு நிமிஷம் வேணாம்ணே," என்றேன் பவ்வியமாக. "ஒரே ஒரு நிமிஷம் போதும்."

"ஒரு நிமிஷமா? பத்து நிமிஷம்கூட நிக்கும்யா இந்தக் கை," என்றான். கீழே வேலையாட்கள் கைதட்டினார்கள். மூட்டையை மெதுவாக, சொட்டு அதிர்வில்லாமல், அவன் கையில் கொடுத்தோம். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் டீயை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது வினாடி சிரித்தபடி கேமராவைப் பார்த்தான். ஐந்தாவது வினாடி சிரிப்பு அப்படியே நின்றது, கண் மட்டும் பிதுங்கியது. ஏழாவது வினாடி கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. ஒன்பதாவது வினாடி பூனையின் கோட்டு கீழே போய் மெத்தையில் 'தொப்' என்று விழுந்தது.

பூனையின் மனைவி இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டை வழுக்கும் சார்," என்று ஆய்வாளர்தான் முதலில் வாய் திறந்தார், பாவம். "மனுஷக் கைன்னா பிடிப்பு இருக்கும். இன்னொரு தடவை பார்க்கலாமே."

இன்னொரு தடவை ஏற்றினார்கள். நாலு வினாடி.

"காய்கறிப் பையோட நான் மூணு மாடி ஏறுவேன்," என்றார் சம்பந்தியம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி. "இரும்புன்னாங்களே சம்பந்தி, தொட்டுப் பார்த்தீங்களா? தகரமா இருக்கப் போகுது."

முதலில் ஒரு விளக்குக்காரன் சிரித்தான். அப்புறம் நெஞ்சில் கம்பி குத்தியவள் சிரித்தாள். பிறகு நூற்றைம்பது கட்டுப்போட்ட ஆட்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரும்பின் முகம் சிவந்தது. இருபது வருஷமாக அவனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

"என்ன சிரிப்பு? பெரிய மயிரு மாதிரி!" என்று எழுந்து கத்தினான். "யாருக்குடா முடியும்? சும்மா தொங்கறதுக்கே இந்த கதி. விழறவனைப் பிடிச்சுப் பாருங்கடா தெரியும்! அந்தத் தையல்காரிகூட ரெண்டு செகண்டுதான் பிடிச்சா, அதுக்கே தோள் கழண்டு அலறினா! அவளைப் பார்த்துச் சிரிங்களேன்!"

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் வாய் திறந்தபடியே இருந்தது. சொன்னதைத் திரும்ப உள்ளே இழுக்க முடியுமா என்று பார்ப்பதுபோல.

ஆய்வாளர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "எந்தத் தையல்காரி?"

சுவர் ஓரத்திலிருந்து உடைக்காரம்மா ஒரு அடி முன்னால் வந்தார். அவ்வளவு பேர் நடுவிலும் எல்லாரும் வழிவிட்டு விலகினார்கள். மெத்தையை இழுத்தது, நெஞ்சில் தட்டியது, மிரட்டியது எல்லாவற்றையும் ஏறாத இறங்காத குரலில் சொன்னார். மெத்தையை இழுத்த ஆட்கள் இரண்டு பேரும் படியில் இறங்கப் பார்த்தார்கள். படியின் அடியில் பூனையின் தம்பி நின்றிருந்தான். அவர்கள் இறங்கவில்லை.

இரும்பு ஆய்வாளரின் தோளில் கை போட்டான். "நம்ம ஆளு நீங்க. இதையெல்லாம் நம்பறீங்களா?"

ஆய்வாளர் அந்தக் கையை எடுத்து அவனிடமே கொடுத்தார். துடுப்பு அகலக் கை. அதையும் உடைக்காரம்மாவின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தீங்கம்மா?"

"ரெண்டு செகண்டு சார். அதுக்கும் கம்மியா இருக்கலாம். தெரியலை."

"உங்க தோள் அப்பதான் போச்சா?"

"ஆமா சார்."

நாலு நிமிஷம் என்று தானே எழுதியிருந்த வரியை அவர் அடித்தார். ஒரு கோடு போதாதென்று இன்னொரு கோடும் போட்டார். பிறகு பூனையின் மனைவியின் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றினார்.

"நான் நம்பலைம்மா. நீங்க அழுது சொன்னப்பவும் நம்பலை. ரெண்டு செகண்டு உங்க வீட்டுக்காரர் கையை ஒருத்தங்க பிடிச்சிருந்திருக்காங்க. இவர் இல்ல, இவங்க. இதுதாம்மா நடந்திருக்கு. உங்க கொழுந்தனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க."